பூட்டி வைத்த பேரேடு: துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளையின் வாழ்க்கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், கடற்கரைப் பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை வரும். வெள்ளாறு கடலோடு கலக்கும் ஊர். 300 ஆண்டுகளுக்கு முன்பு அது பேர்பெற்ற துறைமுகம். நம் நெசவாளர்கள் நெய்த துணியை வாங்கிப் போக வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் அங்கே வந்து நின்றன.

அந்த ஊரில் இருந்த பிரஞ்சுக் கம்பெனியின் பண்டகசாலையைக் கவனிக்க ஓர் இளைஞரைக் கவர்னர் லெனுவார் நியமித்தார். எந்தச் சரக்கு வந்தது, எது போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒன்று விடாமல் கணக்கு வைப்பது அவர் வேலை. அந்த இளைஞர்தான் ஆனந்தரங்கம் பிள்ளை.

பிற்காலத்தில் அவர் புதுச்சேரியின் பெரிய துபாஷி ஆனார். செல்வமும் செல்வாக்கும் பெற்றார். ஆனால் அவர் பெயர் இன்று நிலைத்து நிற்பதற்குக் காரணம் செல்வம் அல்ல. தம் வீட்டில், பிறர் கண்ணில் படாமல், அவர் எழுதி வைத்த ஒரு பேரேடுதான்.

இளமையில் கண்ட பாடம்

ஆனந்தரங்கம் பிள்ளை 1709-ம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை. தந்தையின் மைத்துனர் நைனியா பிள்ளை புதுச்சேரியில் பெரிய துபாஷியாக இருந்தார். அவர் அழைத்ததன் பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்காரர் பேச்சை நம்மவருக்கும், நம்மவர் பேச்சை வெள்ளைக்காரருக்கும் சொல்பவர். பேச்சோடு முடிந்து விடாது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் கை வழியாகவே நடக்கும். மதிப்பான பதவி. அதே சமயம் ஆபத்தான பதவி.

எவ்வளவு ஆபத்து என்பதை அந்தக் குடும்பம் சீக்கிரமே கண்டது. நைனியா பிள்ளை மீது குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். 1717-ம் ஆண்டு அவர் சிறையிலேயே இறந்தார். அந்தத் தீர்ப்பு பிற்பாடு ரத்தாயிற்று. ஆனால் போன உயிர் வருமா?

என்றைக்கு எது நடந்தது, யார் கையில் எது கொடுக்கப்பட்டது என்பதற்கு எழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் வலியவன் சொல்வதே வழக்காகிவிடும். அந்த வீட்டில் வளர்ந்த பையன் இதை அறியாமல் இருந்திருக்க முடியாது.

நாள்தோறும் ஒரு குறிப்பு

1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ஆனந்தரங்கம் பிள்ளை எழுதத் தொடங்கினார். தாம் கண்டதையும் கேட்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப் போவதாகக் குறித்துக்கொண்டார். கிட்டத்தட்ட 25 ஆண்டுகள், சாகும் வரை எழுதினார். தினப்படிச் சேதிக் குறிப்பு என்றும், சொஸ்த லிகிதம் என்றும் அதற்குப் பெயர். எழுதியது பண்டிதத் தமிழ் அல்ல. வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய தமிழ்.

அதில் என்னதான் இல்லை? கப்பலில் வந்த சரக்கு, சந்தை விலை, கவர்னருக்குக் கொடுத்த வெகுமதி, நவாபிடமிருந்து வந்த கடிதம், பெரிய இடத்துச் சண்டை, ஊர் வம்பு எல்லாம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் தலைப்பாக ஒவ்வொரு நாளும் ஓர் அடையாளம் போட்டார். அதைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஐரோப்பிய வருஷம், மாதம், தேதி ஒரு பக்கம். தமிழ் வருஷத்தின் பெயர், மாதம், தேதி மறுபக்கம். இரண்டையும் சேர்த்து எழுதினார்.

ஒரே நாளுக்கு இரண்டு அடையாளம் எதற்கு?

மூன்று தேதி, ஒரே நாள்

1746-ம் ஆண்டு பிரஞ்சுப் படை சென்னைக் கோட்டையைப் பிடித்தது. அது எந்தத் தேதி? பிரஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இங்கிலீஷ்காரர் கணக்கில் செப்டம்பர் 10. நம்மவர் கணக்கில் அட்சய வருஷம், புரட்டாசி மாதம். நாள் ஒன்றுதான், பெயர் மூன்று!

இங்கிலீஷ்காரர்கள் 1752-ம் ஆண்டு வரை பழைய பஞ்சாங்கத்தையே வைத்திருந்தார்கள். அதனால் 11 நாள் வித்தியாசம். சென்னை வீழ்ந்த பிறகு அவர்களுடைய தலைமை இடம் கடலூருக்கு மாறியது. தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைதான் அது. அப்போது கம்பெனியில் சாதாரணக் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ், மாறுவேஷம் போட்டு அங்கேதான் தப்பி வந்தார்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சில மணி நேரப் பயணம்தான். ஆனால் தேதியில் 11 நாள் தூரம்! இங்கே எழுதிய கடிதத்தையும் அங்கே எழுதிய கடிதத்தையும் அருகருகே வைத்தால், எது முந்தி, எது பிந்தி என்று தலை சுற்றும்.

தமிழ் வருஷத்திலும் ஒரு சங்கடம் உண்டு. 60 பெயர்கள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிள்ளை எழுதத் தொடங்கியது நள வருஷம். அதே நள வருஷம் 1796, 1856, 1916, 1976-ம் ஆண்டுகளிலும் வந்தது. பெயரை மட்டும் எழுதினால் எந்த நள வருஷம் என்று பேரன் எப்படி அறிவான்? பிள்ளை ஓடும் எண்ணையும் சுழலும் பெயரையும் சேர்த்து எழுதியதால் குழப்பத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்றைய கணக்குப் பெட்டி

இதே சங்கடம் இன்றைய கம்ப்யூட்டருக்கும் உண்டு என்றால் நம்புவீர்களா?

பாங்கியில் பணம் போட்டாலும், ரயில் டிக்கெட் வாங்கினாலும், அந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு கம்ப்யூட்டர் பேரேட்டில் ஏறுகிறது. நம் சீட்டில் ஓர் எண் அச்சாகிறது. அது நமக்காக உள்ள எண். பேரேட்டு இயந்திரம் தன் உபயோகத்துக்காக உள்ளே வேறோர் எண் போட்டுக்கொள்கிறது. எந்த மாற்றத்தை எந்த வேலை செய்தது, எது முடிந்தது, எது முடியவில்லை என்று பார்க்க அந்த எண்தான் துணை.

போஸ்ட்கிரெஸ் என்பது உலகெங்கும் வழங்கும் ஒரு பேரேட்டு இயந்திரம். அதற்குள் இருக்கும் எண் சுமார் 429 கோடி வரை போகும். பிறகு நம் 60 வருஷச் சக்கரம் போல மறுபடி சுழன்று வரும். உள்ளே இருக்கும் அந்த எண்ணைச் சில சமயம் வெளியே இருப்பவர்களும் கேட்கிறார்கள். இந்த எண்ணுக்குப் பிறகு மாறியதை மட்டும் கொடு என்று கேட்டு, இன்னொரு கம்ப்யூட்டர் நகல் எடுக்கலாம் அல்லவா? அதற்காக ஒரு கட்டளை வைத்தார்கள். அது வெறும் எண்ணை மட்டும் சொல்வதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதையும் சேர்த்து, திரும்ப வராத பெரிய எண்ணாகச் சொல்கிறது.

ஆனந்தரங்கம் பிள்ளை தலைப்பில் செய்ததும் இதைத்தானே!

ஆனால் உள்ளே இருப்பதை வெளியே காட்டுவதில் கவனமும் வேண்டும். காலையில் ஓர் எண்ணையும் மாலையில் ஓர் எண்ணையும் பார்த்தால், இடையில் எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று போட்டிக்காரன் ஊகித்து விடுவான். எண்ணும் பேசும்!

வெளியே வந்திருந்தால்?

பிள்ளையின் பேரேட்டில் இருந்தவை வெறும் எண்கள் அல்ல. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்தவர் டூப்ளே. அவர் பிள்ளையை நம்பினார். 1746-ம் ஆண்டு கனகராய முதலியார் இறந்த பின்பு பெரிய துபாஷி பதவி பிள்ளைக்கு வந்தது. பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு கவர்னர் மாளிகைக்குள் போகும் உரிமையும் கிடைத்தது.

டூப்ளேயின் மனைவிக்கோ பிள்ளையைப் பிடிக்காது. அந்த அம்மாளைப் பற்றிப் பிள்ளையும் ஒளிக்காமல், கசப்போடு எழுதினார். யார் பணம் வாங்கினார், யார் யாருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த ஏடு அன்று வெளியே போயிருந்தால் பதவி மட்டுமா போயிருக்கும்? நைனியா பிள்ளையின் கதி அவருக்கும் வந்திருக்கலாம். ஆனாலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

வீழ்ச்சி

காலம் மாறியது. 1754-ம் ஆண்டு டூப்ளே திரும்பிப் போனார். 1756-ம் ஆண்டு பிள்ளை பதவி இழந்தார். வியாபாரம் குன்றியது. உடலும் நலிந்தது.

வெளியே யுத்தம் ஓயவில்லை. பிரஞ்சுக்காரர் பல முறை முயன்றும் கிடைக்காத கடலூர்க் கோட்டையை 1758-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி லாலி பிடித்தார். அதன் மதில்கள் தகர்க்கப்பட்டன. அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1760-ம் ஆண்டு இங்கிலீஷ்காரர்கள் சிதம்பரத்தையும் கடலூரையும் கைப்பற்றிக்கொண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள்.

1761-ம் ஆண்டு ஜனவரி மாதம் புதுச்சேரி வீழ்ந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கம் பிள்ளையும் கண்ணை மூடினார்.

ஏடு திறந்தது

பேரேடு வீட்டிலேயே கிடந்தது. 85 ஆண்டுகள் சென்றபின், 1846-ம் ஆண்டு, புதுச்சேரியில் இருந்த கல்லுவா மொம்பிரான் என்ற பிரஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். நகல் ஒன்று பாரிஸ் நகரம் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 புத்தகங்களாக இங்கிலீஷில் வெளியிட்டது. 1948-ம் ஆண்டு முதல் தமிழிலும் அச்சேறத் தொடங்கியது.

இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்ததை எங்கே பொருத்துவது என்று எவரும் திகைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளின் தலையிலும் அவர் போட்ட அடையாளம் இருக்கிறதே!

கவர்னர் போனார். கடலூர்க் கோட்டை இடிந்தது. கம்பெனிகளும் போயின. பொறுமையாக, ஒழுங்காக, நாள் குறித்து எழுதிய கணக்கு மட்டும் நின்றது. அவர் பெயரால் புதுச்சேரியில் இன்றும் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது.

அடுத்த முறை கையில் ஒரு ரசீது வந்தால், கசக்கி எறியாமல் அதிலுள்ள எண்ணையும் தேதியையும் ஒரு தடவை பாருங்கள். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் நமக்காகப் பேசப் போவது அதுதான்.