பொறி வளர்த்த கம்மியர்

நுழையும்முன்

பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு வலிமை வாய்ந்ததாயினும், அதன் இயக்கம் ஒரு சிறு பொறியில்தான் தொடங்குகிறது. விரல் நீளமே உள்ள ஸ்பார்க் பிளக்கில் பிறக்கும் அப்பொறி காலம் தவறினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். அப்பொறியை நம்பத்தக்கதாக்கியவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் பாஷ். சிறு வேலையிலும் செம்மை வேண்டும் என்பதை உணர்த்துகிறது அவர் வாழ்க்கை.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் ஊரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ராபர்ட் பாஷ் பிறந்தார். பன்னிரு மக்களுள் அவர் பதினோராமவர். தந்தையார் உழவுத்தொழிலோடு விடுதியும் நடத்திவந்தார். பள்ளிப்படிப்பை முடித்த பாஷ், உல்ம் நகரில் நுண்கருவிக் கம்மியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஆசிரியரோ மாணவர்மீது போதிய கவனம் செலுத்தவில்லை. முறையாகக் கற்பிக்கப்படாத குறை பாஷின் மனத்தில் நெடுங்காலம் தங்கியது. பின்னாளில், 1913இல், தம் தொழிலகத்தில் பயிலுநர்களுக்கெனத் தனிப் பயிற்சிப் பட்டறையை அவர் அமைத்தமைக்கு அவ்வனுபவமும் ஒரு காரணமாகும்.

பல பட்டறைகளில் வேலைசெய்து தேர்ந்த பாஷ், 1884இல் அமெரிக்கா சென்று எடிசனின் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் இங்கிலாந்திலும் உழைத்தார். தாயகம் திரும்பி, 1886 நவம்பர் 15ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருடன் இருந்தோர் இருவரே. தொடக்க ஆண்டுகளில் வேலை குறைந்து, கடன் பெருகி, பணியாளர் பலரை அனுப்பவேண்டிய நிலையும் நேர்ந்தது. ஆயினும், தரம் குறைந்த பொருளை விற்றுப் பிழைக்க அவர் உடன்படவில்லை. பணத்தை இழக்கலாம், வாங்குவோரின் நம்பிக்கையை இழத்தல் கூடாது என்பது அவர் கொள்கை.

பொறியைத் தேடி

அக்காலத்தில் எரிபொருளைப் பற்றவைப்பதே எஞ்சினின் பெருஞ்சிக்கலாக இருந்தது. சிலர் சிலிண்டரோடு இணைந்த குழாயைச் சுடரால் பழுக்கக் காய்ச்சினர். பெட்ரோலுக்கு அருகே திறந்த நெருப்பு எரிவதோ பேராபத்து. சிலர் மின்கலத்தை நம்பினர். அதன் ஆற்றல் நெடும்பயணத்துக்குப் போதவில்லை. காந்தத்தின் துணையால் தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் மேக்னெட்டோவே பாஷின் கவனத்தை ஈர்த்தது. 1887இல் ஒரே இடத்தில் நிறுவப்பட்டு இயங்கும் எஞ்சினுக்காக அதனைச் செம்மைப்படுத்திச் செய்துகொடுத்தார்.

விரைந்து சுழலும் வாகன எஞ்சினுக்கு அக்கருவி ஈடுகொடுக்கவில்லை. 1897இல் மூன்றுசக்கர வாகனம் ஒன்றில் அதனைப் பொருத்த முயன்றபோது, பட்டறையின் மேற்பார்வையாளர் ஆர்னால்டு சேரிங்கர் வழிகண்டார். கனத்த சுருளை அசைக்காமல், அதனைச் சூழ்ந்த மெல்லிய உலோக உறையை மட்டும் அசையச் செய்தார்.

இன்னொரு குறை எஞ்சியிருந்தது. சிலிண்டருக்குள் இரு தொடுமுனைகள் பிரியும்போதே பொறி எழுந்தது. அவற்றைப் பிரிக்கும் தண்டுகளும் நெம்புகோல்களும் சிக்கலானவை, தேயக்கூடியவை. பாஷிடம் முன்னர்த் தொழில் பயின்ற காட்லோப் ஹோனோல்டு என்னும் பொறியாளர் இதற்குத் தீர்வு கண்டார். ஒரே சுருளகத்தில் இருவகைக் கம்பிச்சுற்றுகளை அமைத்து உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கினார். அசையாத இரு முனைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியை மின்சாரமே தாவிக் கடந்தது. 1902இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவும் அதற்குரிய ஸ்பார்க் பிளக்கும் இவ்வாறு உருப்பெற்றன.

சிறு கருவி, செம்மையான கை

நன்கு செய்யப்பட்ட பிளக்கும் முறையாகப் பொருத்தப்பட்டால்தான் பயன்தரும். பழைய காரில் அதனை மாற்றுவோர் முதலில் எஞ்சினை ஆறவிடுவர். பிளக்கைச் சூழ்ந்த தூசியும் மணலும் சிலிண்டருக்குள் விழாதவாறு துடைத்தபின்பே அதனைக் கழற்றுவர். புதிய பிளக்கின் முனைகளுக்கு இடைப்பட்ட வெளியைத் தகட்டு அளவியால் சரிபார்ப்பர். மில்லிமீட்டரில் சிறு பங்கே மாறினாலும் பொறி நலிவுறும் அல்லது தவறும்.

பிளக்கை முதலில் கையால் திருகுதல் வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பேனரால் முடுக்கினால் மரை குறுக்கே ஏறிக் கெடும். வளையம் நன்கு படிந்தபின், உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே இறுக்குதல் வேண்டும். இறுக்கம் குறைந்தால் வாயு கசியும். வெப்பம் எஞ்சினின் தலைப்பகுதிக்குச் செல்லாமல் பிளக்கிலேயே தேங்கும். இறுக்கம் மிகுந்தால் மரை அறுந்துபோகும். ஒவ்வொரு கம்பியையும் அதற்குரிய சிலிண்டரோடு இணைத்தலும் இன்றியமையாதது. கம்பிகள் இடம் மாறினால் பொறி உரிய நேரத்தில் எழாது.

உழைப்பாளரும் உலகமும்

1906இல் ஒரு லட்சமாவது மேக்னெட்டோ பாஷின் தொழிலகத்திலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில் எட்டுமணி நேர வேலைமுறையை அவர் நடைமுறைப்படுத்தினார். களைத்த கையால் செம்மையான வேலை செய்ய இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். முதல் உலகப்போரில் ஆயுத வணிகத்தால் வந்த ஆதாயத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்பாமல் பெருந்தொகையைப் பொதுப்பணிகளுக்கு வழங்கினார்.

அவர் முதுமை, இட்லரின் கொடுங்கோல் ஆட்சியில் கழிந்தது. அவ்வாட்சியை வெறுத்த பாஷ், அதற்கு எதிராக இயங்கிய கார்ல் கோர்டெலருக்குத் தம் நிறுவனத்தில் ஆலோசகர் பணி கொடுத்து ஆதரித்தார். துன்புற்ற யூதர்களுக்கும் உதவினார். எனினும், அவரது நிறுவனம் போர்க்கருவிகளைச் செய்தது; கட்டாயத் தொழிலாளரும் அங்கு வதைபட்டனர். அவர் வரலாற்றில் இந்நிழலும் உண்டு.

1940இல் அவர் கொடையால் ஸ்டுட்கார்ட்டில் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. 1942 மார்ச் 12ஆம் நாள் பாஷ் மறைந்தார். இன்று அந்நிறுவனத்தின் பங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓர் அறக்கட்டளையின் உடைமையாக உள்ளன. அதன் ஆதாயம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுகிறது. தம் தொழில்பழகுநர் பருவத்தில் தமக்குக் கிட்டாத செம்மையான பயிற்சியைப் பிறர்க்கு அளித்த அக்கம்மியரின் புகழ், எஞ்சினுள் எழும் ஒவ்வொரு பொறியிலும் ஒளிர்கிறது.