தோற்காத வேட்பாளர்: துன் வீ.தி. சம்பந்தன்

ஜொகூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் நம்ம பிள்ளைகள் பிரிக்ஃபீல்ட்ஸில் கட்டாயம் ஒரு தெருவில் நடந்திருப்பார்கள். பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, புடவைக்கடை எல்லாம் இருக்கிற அந்தத் தெருவின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். பக்கத்து மோனோரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். யார் அந்த சம்பந்தன் என்று இன்றைய இளைஞர்களிடம் கேட்டால், பழைய அமைச்சர் என்பார்கள், ம.இ.கா. தலைவர் என்பார்கள். அதற்கு மேல் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது. ஓட்டு வாங்குவது ஒரு வேலை, வாங்கிய ஓட்டை வைத்து மக்களைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்து பார்த்தவர் அவர். முதல் வேலையில் அவர் தோற்றதே இல்லை. இரண்டாவதில் ஜெயித்ததும் உண்டு, முடியாமல் போனதும் உண்டு.

1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அப்பா வீராசாமி, தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் தோட்டம் வைத்து முன்னுக்கு வந்தவர். வீட்டில் வசதி இருந்தது. கோலகங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலப் படிப்பு. பிறகு கப்பலேறி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அது இந்தியாவில் விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். காந்தியின் வழி அந்த மாணவர் மனசில் ஆழமாகப் பதிந்தது. ஊர் திரும்பிய பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை. வேட்டி ஜிப்பாவோடு மேடையேறியவர், தோட்டத்துச் சனங்களிடம் அவர்கள் தமிழிலேயே பேசினார்.

அவர் அரசியலுக்கு வந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948 ஜூன் 16, அவருடைய 29ஆவது பிறந்தநாள். அன்றுதான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் 3 பேர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. ஒரு பக்கம் காட்டுக்குள்ளிருந்து வந்த மிரட்டல், இன்னொரு பக்கம் போலீஸ் சோதனை. நடுவில் மாட்டிக்கொண்டது பால்மரத் தொழிலாளி. அப்படிப்பட்ட ஊரில் பொதுவேலை செய்வது சும்மா இல்லை. சம்பந்தன் அந்த ஊரிலேயே இருந்து பள்ளிக்கூடம் கட்டினார். 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலை இன்றைக்கும் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. அதைத் திறந்து வைக்க வந்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

1955 மே மாதம் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அதற்கு முந்தின ஆண்டுதான் அந்தக் கட்சி அம்னோ, ம.சீ.ச. இரண்டோடும் கூட்டணியில் சேர்ந்திருந்தது. தலைவராகி இரண்டே மாதத்தில், 1955 ஜூலை 27இல், மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் வந்துவிட்டது.

அந்தத் தேர்தலின் கணக்கை நம்ம இளைஞர்கள் மனப்பாடமே செய்யலாம். நாடு முழுக்கப் பதிந்த வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் 100க்கு 84 பேர் மலாய்க்காரர்கள், 11 பேர் சீனர்கள். இந்தியர்களையும் மற்றவர்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் 5 பேர் கூட வரவில்லை. அப்போ மக்கள்தொகையில் இந்தியர்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தார்கள். ஆள் இருந்தது, ஓட்டு இல்லை. காரணம், பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. ரப்பர் மரத்தை நட்டவரும், ரயில் தண்டவாளம் போட்டவரும், சாலை வெட்டியவரும் வாக்காளர் பட்டியலில் இல்லை.

அப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, தமிழர் ஓட்டை மட்டும் நம்பி எந்தத் தமிழரும் ஜெயிக்க முடியாது. சம்பந்தன் கிந்தா உத்தாரா தொகுதியில் நின்றார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரிடமும் போய் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். மொத்தம் 52 இடங்களில் கூட்டணிக்கு 51 கிடைத்தது. அதில் ம.இ.கா.வுக்கு 2. துங்கு அப்துல் ரஹ்மான் அமைத்த அமைச்சரவையில் சம்பந்தன் தொழில் அமைச்சரானார்.

அதற்குப் பிறகு 3 தேர்தல். 1959, 1964, 1969 மூன்றிலும் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார், மூன்றிலும் வென்றார். ஆக, நான்கு தேர்தல், நான்கு வெற்றி. 1957இலிருந்து சுகாதாரம், 1959இலிருந்து பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, 1972இல் தேசிய ஒற்றுமை என்று பொறுப்புகள் மாறி மாறி வந்தன. 18 ஆண்டுகள் கட்சித் தலைவர். இதுதான் அவருடைய ஏட்டுக் கணக்கு.

ஆனால் ஏட்டுக் கணக்கோடு நின்றுவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. கூட்டணிக்குள் அவருடைய கட்சிக்கு இருந்த பலம் எவ்வளவு என்று பாருங்கள். 1959இல் 104 இடங்களில் ம.இ.கா. வென்றது 3. 1964இலும் 3. 1969இல் 2. இவ்வளவு சின்னக் கையை வைத்துக்கொண்டுதான் அவர் மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. முட்டி மோதுவதைவிட, துங்குவோடு இருந்த நட்பை வைத்து அமைதியாகப் பேசிக் காரியம் பார்ப்பதுதான் அவர் வழி. அதனால் சில காரியங்கள் நடந்தன. சுதந்திரத்தின்போது குடியுரிமைக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அதன்பின் இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை உண்டு என்று அரசியல் சட்டம் சொன்னது. ஏற்கெனவே நீண்ட காலம் இங்கே வாழ்ந்தவர்கள் மொழித் தேர்வு இல்லாமல் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசமும் கிடைத்தது. அது கூட்டணிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து செய்த சமரசம். அந்த மேசையில் இந்தியர் பக்கம் உட்கார்ந்திருந்த கட்சிக்குத் தலைவர் சம்பந்தன்.

கதவு திறந்தது, எல்லாரும் உள்ளே வந்தார்களா? வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், எப்படியும் ஊருக்குத்தானே போகப் போகிறோம் என்று நினைத்தவர்கள், பாரம் நிரப்பித் தர ஆள் இல்லாதவர்கள் என்று ஏராளமான தோட்டத் தொழிலாளர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். அதன் விலை 1969க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் இறுக்கப்பட்டபோது, பல்லாயிரம் பேர் வேலையிழந்து, இங்கேயே வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலேறினார்கள். சம்பந்தன் அப்போது அமைச்சர். மே 13 கலவரத்துக்குப் பிறகு நாட்டை நடத்திய தேசிய நடவடிக்கை மன்றத்திலும் உறுப்பினர். அப்படி இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கும் மரியாதை இல்லை.

இனி அவருடைய வாழ்க்கையில் பெரிய காரியம் எது என்று பார்ப்போம். அது தேர்தல் மேடையில் நடந்தது அல்ல.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தன. வாங்கியவர்கள் தோட்டத்தை அப்படியே நடத்தவில்லை. துண்டு துண்டாக வெட்டிச் சின்னச் சின்ன முதலாளிகளுக்கு விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் பக்கம் தாத்தா பாட்டி உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், அந்த வார்த்தையைச் சொன்னாலே முகம் மாறும். ஒரு தோட்டம் துண்டானால் போவது வேலை மட்டும் இல்லை. லயத்து வீடு போகும், குழந்தைகள் காப்பகம் போகும், தமிழ்ப்பள்ளி ஆட்டம் காணும், மாரியம்மன் கோயில் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற கேள்வி வரும். மூன்று தலைமுறையாகத் தீமிதி நடந்த இடம் ஒரே கையெழுத்தில் வேறொருவர் சொத்தாகிவிடும்.

சட்டத்தால் இதை நிறுத்த முடியவில்லை. 3 இடம் வைத்திருக்கிற கட்சியால் நில விற்பனையைத் தடை செய்ய முடியாது. அப்போ என்ன செய்வது? விற்கிறார்களா, நாமே வாங்குவோம் என்றார் சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்ட வேண்டும், 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. இன்றைக்கு 10 வெள்ளி ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாய்க்கும் போய்விடும். அன்றைக்குப் பால்மரம் வெட்டுகிறவருக்கு அது பல நாள் கூலி. அரிசியிலும் துணியிலும் மிச்சம் பிடித்துத்தான் கட்ட முடியும்.

பலர் நம்பவில்லை. கூலிக்காரன் எப்படித் தோட்ட முதலாளி ஆவான் என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். அமைச்சர் என்ற பந்தாவை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் நின்று பேசினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். பிறகு ஒவ்வொன்றாக மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் சேர்ந்தன. வெள்ளைக்காரத் துரை பங்களாவிலிருந்து ஆண்ட நிலத்துக்கு, அங்கே வேலை பார்த்த ஆளே பங்குதாரர் ஆனார். துண்டான தோட்டங்கள் எல்லாவற்றையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வழி உண்டு என்று காட்டியது அந்தச் சங்கம். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் இன்றைக்கும் அதற்குச் சாட்சி.

பொதுமக்களிடம் தோற்காதவர், கட்சிக்குள் தோற்றார். 1970களின் தொடக்கத்தில் ம.இ.கா.வில் அவருக்கும் துணைத்தலைவர் வீ. மாணிக்கவாசகத்துக்கும் இடையே இழுபறி முற்றியது. பிரதமர் துன் ரசாக் தலையிட, 1973 ஜூன் இறுதியில் சம்பந்தன் தலைமைப் பதவியை விட்டு விலகினார். 1974 தேர்தலில் அவர் நிற்கவில்லை. சுங்கை சிப்புட்டில் ச. சாமிவேலு நின்று வென்றார்.

பதவி போன பிறகு ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரியும். சம்பந்தன் தனிக்கட்சி ஆரம்பிக்கவில்லை, யாரையும் திட்டிக்கொண்டு திரியவில்லை. நேராகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார். கடைசி வரைக்கும் அந்தத் தோட்டங்களின் வரவு செலவு, தொழிலாளர் வீடு, பிள்ளைகள் படிப்பு என்று அதிலேயே இருந்தார். செல்வந்தர் வீட்டில் பிறந்தவருடைய குடும்பச் சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்க்கையில் கரைந்து போயிருந்தது. 1979 மே 18ஆம் தேதி காலமானார். 60 வயது நிறைய ஒரு மாதம்கூட மிச்சம் இல்லை.

ஜொகூர் இளைஞர்களான நமக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. இப்போது 18 வயதானால் போதும், பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். அந்த முறை வந்த பிறகு நடந்த முதல் தேர்தலே நம்ம ஜொகூர் மாநிலத் தேர்தல்தான், 2022 மார்ச் 12. அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் 100க்கு சுமார் 55 பேர். தாத்தா காலத்தில் ஓட்டு இல்லாமல் தவித்த சமூகம் நாம். பேரன் பேத்தி காலத்தில் ஓட்டு இருந்தும் வீட்டில் உட்கார்ந்தால் அதை என்ன சொல்வது? எந்தக் கட்சிக்குப் போடுவது என்பது அவரவர் மனசு. போடாமல் இருப்பதற்கு மட்டும் காரணம் சொல்ல முடியாது.

ஓட்டுப் போட்டதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. நான்கு தேர்தலில் ஜெயித்தவரே, ஜெயித்தது போதாது என்று 10 வெள்ளி 10 வெள்ளியாகச் சேர்க்கக் கிளம்பினார். நம்ம இளைஞர் மன்றம் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தில் இரண்டு காரியம் செய்யலாம். இன்னமும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற பெரியவர்களும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் யார் யார் என்று வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற குடும்பங்களிடம் விசாரித்து, பாரம் நிரப்பித் தந்து, பதிவு இலாகாவுக்குக் கூடவே போய் வரலாம். நம்ம தோட்டத்துக் கோயில் நிற்கிற நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைக்கலாம். ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் பேசி, அடுத்த வாரமே தொடங்கக்கூடிய வேலை இது. யார் தொடங்குகிறீர்கள்?