விரல்ரேகைக்குக் கணக்கு வகுத்த காஜி அஸீஸுல் ஹக்

மனிதனின் விரல்நுனித் தோலில் இறைவன் பொறித்த கோடுகள் ஒருவர்க்கு அமைந்தவாறு மற்றொருவர்க்கு அமைவதில்லை. திருக்குர்ஆன் விரல்நுனியைத் தனித்துச் சுட்டுவது சிந்திப்பார்க்கு வியப்பளிப்பதாகும். அக்கோடுகளைக் கொண்டு ஆளை அறியும் துறைக்குக் கணித அடிப்படை அமைத்த பெருமகன், வங்கம் ஈன்ற காஜி அஸீஸுல் ஹக் ஆவார்.

1872ஆம் ஆண்டு குல்னாப் பகுதியில் பிறந்த அன்னார், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றார். வங்கக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றி, அவர்தம் கணிதத் திறமறிந்து துணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்நாளில் ரேகைகளைப் பதிவது எளிது. குவிந்த தாள்களுள் வேண்டியதைத் தேடி எடுப்பதே அரிது.

இவ்விடரைக் கணக்கால் தீர்த்தார் ஹக். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, ஒவ்வொரு விரலிலும் சுழி உண்டா, இல்லையா என நோக்கினார். ஓர் இணைக்கு நான்கு நிலைகள். ஐந்து இணைகளுக்கு 1024 நிலைகள். 32 வரிசையும் வரிசைக்கு 32 அறையும் கொண்ட பேழையில் ஒவ்வொரு தாளும் தனக்குரிய அறையைத் தானே காட்டியது. உடன் பணியாற்றிய ஹேம் சந்திர போஸ், உட்பிரிவுகளையும் தந்திக் குறியீட்டையும் வகுத்தார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் எழுந்தது. 1901இல் இலண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றது.

ஆயினும் அம்முறைக்கு வாய்த்த பெயர் 'ஹென்றி முறை' என்பதே. உழைத்தவர் ஒருவர், புகழ் பெற்றவர் மற்றொருவர்! ஹக் மனந்தளராது தம் உரிமையை அரசிடம் எடுத்துரைத்தார். 1924இல் கான் பகதூர் பட்டம் வந்தது. 5000 ரூபாய் மதிப்பூதியமும் கிட்டியது. ஹென்றியும் பின்னாளில் அவர்தம் பங்கினை ஒப்புக்கொண்டார். 1935இல் பீகாரின் மோதிகாரியில் அப்பெருமகன் மறைந்தார்.

இன்று நம் குந்தாரப்பள்ளி வட்டாரத்து நியாயவிலைக் கடையிலும் விரல் வைத்தே அரிசி பெறுகிறோம். கல் அறுத்தும் மண் கொத்தியும் தேய்ந்த விரலைச் சில வேளை கருவி ஏற்பதில்லை. பல்வேறு அலைநீள ஒளிகளைப் பாய்ச்சி, மேல்தோலுக்கு அடியிலுள்ள அமைப்பையும் படிக்கும் பல்நிறமாலைப் படமுறை இக்குறையைப் பெரிதும் களைகிறது. போலி விரலையும் காட்டிக்கொடுக்கிறது. தோலின் குருதியோட்டத்தையும் உயிர்வளி அளவையும் ஒளியால் அறிந்து மன அழுத்தத்தைக் கணிக்கவும் ஆய்வாளர் முயல்கின்றனர். அகத்தையும் படிக்க முனையும் இக்கருவிகள், மனிதனின் ஒப்புதலையும் மாண்பையும் மதித்தல் வேண்டும்.

கோடிக்கணக்கானோரை அடையாளம் காண வழிசெய்தவர், தம் அடையாளத்திற்காகப் போராட நேர்ந்தது. உழைப்பவர் பெயரை மறைக்காத நேர்மையை மாணவர்கள் இவர் வாழ்விலிருந்து கற்பார்களாக.