விழுங்கணுக்களைக் கண்ட மெச்னிகாவ்

காலில் முள் தைத்து ஒடிந்துவிடின், சின்னாளில் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கோப்பதை நாம் அறிவோம். அச்சீழ், உடலைக் காக்கப் போரிட்டு மடிந்த உயிரணுக்களின் குவியலாகும். இவ்வணுக்களின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் இலியா மெச்னிகாவ்.

அவர் 1845ஆம் ஆண்டில், அன்று ருஷ்யப் பேரரசிற்கு உட்பட்டிருந்ததும் இன்று உக்ரேன் நாட்டில் உள்ளதுமான கார்க்கிவ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். ஒடெசா நகரில் விலங்கியற் பேராசிரியரானார். கண்ணோயும், முதல் மனைவியை என்புருக்கி நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவரை வாட்டின. பல்கலைக்கழகத்தில் மூண்ட அரசியற் பூசல்களால் மனம் வெறுத்து, 1882இல் பதவியைத் துறந்தார். பின்னர்க் குடும்பத்துடன் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார்.

அங்கே ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் காட்சி காணச் சென்றிருந்தனர். மெச்னிகாவ் தனித்திருந்து, நட்சத்திர மீனின் இளவுயிர்களை உருப்பெருக்கியால் நோக்கிக் கொண்டிருந்தார். அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. ஆதலின், உள்ளே ஊர்ந்து திரியும் அணுக்கள் தெளிவாகத் தெரிந்தன. இவை எதற்காக அலைகின்றன? உட்புகும் பகையை எதிர்ப்பதற்காகவோ? இவ்வெண்ணம் மின்னலெனத் தோன்றவே, அவர் தோட்டத்திற்கு விரைந்தார். ரோசா முட்களைப் பறித்து வந்து அவ்வுயிர்களின் தோலுக்கடியிற் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும் நோக்கினார். முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் மொய்த்திருந்தன!

முள் உயிரற்றது. உயிருள்ள பகையிடத்தும் இவ்வாறே நிகழுமோ? குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர் இதற்கு விடை தந்தது. காளான் இனத்து ஒட்டுண்ணி ஒன்றின் ஊசி போன்ற வித்துகள், இரையுடன் அதன் குடலிற் சென்று, குடற்சுவரைத் துளைத்து உடலுட் புகும். அணுக்கள் விரைந்து வளைத்துச் செரித்துவிட்டால் நீர்த்தெள்ளு பிழைக்கும்; வித்துகள் முந்திக்கொண்டு முளைத்துப் பெருகினால் அது மடியும். இப்போரினை அவர் 1884இல் விரித்தெழுதினார். விழுங்கும் அணு எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரும் அவ்வணுக்களுக்கு அமைந்தது.

செருமானிய அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. நோயை வெல்வது குருதி நீரே என அவர்கள் வாதிட்டனர். பாஸ்டரின் ஆதரவால் 1888இல் பாரிசில் ஆய்விடம் பெற்ற மெச்னிகாவ், பல்லாண்டுகள் அவர்களோடு சொற்போர் நிகழ்த்தினார். வாதத்தில் அவர் சினம் மிக்கவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நஞ்சும் அதன் எதிர்ப்பொருளும் பூட்டும் திறவுகோலும் போல வடிவாற் பொருந்துகின்றன என்று கூறிய பால் எர்லிக், எதிரணியில் நின்ற பேரறிஞர். ஆயினும் 1908இல் நோபெல் பரிசு அவ்விருவர்க்குமே பகிர்ந்தளிக்கப்பட்டது.

அத்தீர்ப்பு எத்துணைப் பொருத்தமானது! விழுங்கணு ஊர்ந்து செல்வது மட்டும் போதாது. பகையை இனங்காணவும் வேண்டும். பகைவனின் மேற்பரப்பிலுள்ள புரதம் முதலியவற்றின் வடிவத்தைக் கொண்டே அதனை இனங்காண்கின்றது. எதிர்ப்பொருள் ஒட்டியிருப்பின், இன்னும் எளிதில் விழுங்குகின்றது. ஒட்டுண்ணிகள் இவ்விரண்டையுமே கெடுக்க வல்லவை. ஆப்பிரிக்காவில் உறக்க நோயை விளைவிக்கும் நுண்ணுயிர், தன் புரதப் போர்வையை அடுத்தடுத்து மாற்றிக்கொள்ளும். பழைய வடிவிற்கென உண்டான எதிர்ப்பொருள் புதிய போர்வையிற் பொருந்தாது. யானைக்கால் நோய் தரும் புழுக்களுள் ஒருவகை செய்வது இதனினும் விந்தையானது. நம் விழுங்கணுக்களின் நடமாட்டத்தை ஆளும் புரதம் ஒன்றுண்டு. அதன் வடிவத்தைப் பெரிதும் ஒத்த புரதத்தை அப்புழு தானே சுரக்கின்றது. காவற்படைத் தலைவனின் குரலிற் பகைவனே ஆணையிடுவது போன்றதன்றோ இது!

இச்செய்திகள் வெளியாகும் முன்னரே மெச்னிகாவ் மறைந்துவிட்டார். முதுமையைத் தள்ளிப்போடும் என நம்பி, அவர் இறுதிக் காலத்தில் புளித்த பாலை நாள்தோறும் அருந்தி வந்தார். தயிருண்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாகாது. 1916ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் எழுபத்தொன்றாம் வயதில், பாரிசில் அவர் உயிர் நீத்தார். அவரது அத்தி, அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்த பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.