பேசாப் படம் எடுத்த அகஸ்தீஸ்வரத்துக்காரர்

அம்பூரி மலையடிவாரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வரையுள்ள ஊர்களில் பழங்கதைக்குப் பஞ்சமே இல்லை. எட்டு வீட்டுப் பிள்ளைமார் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலா, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. தெற்கே நாகர்கோவில் பக்கம் போனால் கள்ளியங்காட்டு நீலி. வழிப்போக்கரை மயக்கிக் கொல்லும் அந்த யட்சியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டுப் பயந்த பிள்ளைகள் ஏராளம். இத்தனை கதைகளுக்கு நடுவே வளர்ந்த ஒருவர், திருவாங்கூரின் முதல் சினிமாவை எடுக்கப் புறப்பட்டபோது இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவர்தான் ஜே. சி. டானியல்.

அகஸ்தீஸ்வரத்துக் கிறிஸ்தவ நாடார் குடும்பத்தைச் சேர்ந்த டானியலுக்கு முதலில் மோகம் சினிமாவில் இல்லை, வாள்வீச்சிலும் களரியிலும்தான். நம் நாட்டு வாள்வித்தையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வித்தையை உலகுக்குக் காட்டச் சினிமாவே சிறந்த வழி என்று பட்டது. சென்னைக்குப் போனார்; ஒன்றும் நடக்கவில்லை. பம்பாயில், மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிப் பாடம் சொல்ல வந்த ஆசிரியர் என்று சொல்லி ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்து தொழிலைக் கண்டு கற்றார். ஊர் திரும்பிச் சொத்தை விற்றார். கேமரா வாங்கினார். 1926-ல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

அப்போது படம் என்றால் புராணம்தான். பால்கே 1913-ல் அரிச்சந்திரனில் ஆரம்பித்தார். சென்னையில் நடராஜ முதலியார் கீசகனை எடுத்துக்கொண்டார். கடல் கடந்த ஜப்பானிலும் இதே நிலைதான். தவளை மீது வரும் மாயாவி ஜிரையாவும், புருஷனைப் பழிவாங்க ஆவியாக வரும் யோட்சுயாக் கதைப் பெண்ணும் அங்கே பேசாப் படங்களாயினர். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் வைத்திருந்தார்கள். தெரிந்த கதைக்கு வசனம் வேண்டாம் என்ற கணக்கு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

டானியல் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அவருடைய "விகதகுமாரன்" சாதாரண மனிதர் கதை. திருவாங்கூர்ப் பணக்காரர் வீட்டுப் பையனைக் கடத்திக்கொண்டு இலங்கைக்குப் போகிறார்கள். அவன் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மேலே வருகிறான். கடைசியில் குடும்பத்தோடு சேருகிறான். கதை, டைரக்ஷன், கேமரா மட்டுமல்ல, முக்கிய வேடமும் டானியலே. வில்லனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழ்ப் படங்களில் புகழ்பெற்ற பி. எஸ். சரோஜாவின் தந்தை.

கதாநாயகிதான் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து வந்த நடிகை திரும்பிப் போய்விட்டார். கடைசியில் காக்காரிசி நாடகத்தில் நடித்துவந்த பி. கே. ரோஸி என்ற புலையர் குலப் பெண்ணை அழைத்து, தினம் 5 ரூபாய் கூலி பேசி, நாயர் பெண் சரோஜினி வேடம் கொடுத்தார். புராணத்தை விட்டது மக்களுக்குப் பொறுக்கலாம், இது பொறுக்கவில்லை. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது கூச்சல் எழுந்தது. திரையில் கல் விழுந்தது. இது 1928-ல் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1930 அக்டோபர் 23 என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் முடிவு. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் லாரி ஏறி நாகர்கோவிலுக்கு ஓடி, ராஜம்மாள் என்ற பெயரில் மறைந்து வாழ்ந்தார். பிறகு எந்தப் படத்திலும் அவர் முகம் வரவில்லை.

டானியல் கடனாளியானார். மனைவி ஜானட்டின் நகைகளும் போயின. ஸ்டூடியோவை விற்றுவிட்டு, பல் வைத்தியம் கற்றுப் பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஊர் ஊராகப் பிழைப்பு நடத்தினார்.

அவருடைய உறவினர் நாகர்கோவில் சுந்தர்ராஜ் இன்னொரு வழியில் போனார். சி. வி. ராமன் பிள்ளையின் "மார்த்தாண்ட வர்மா" நாவலை 1933-ல் பேசாப் படமாக்கினார். எட்டு வீட்டுப் பிள்ளைமார், தலைமறைவு இளவரசர், பஞ்சவன்காடு என்று நாட்டார் அறிந்த கதை. ஜனங்கள் கல்லெறியவில்லை. ஆனால் உரிமை எங்களுடையது என்று நாவலை வெளியிட்ட புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக, சில நாளிலேயே படம் நின்றது. அந்த வழக்கே படத்தைக் காப்பாற்றியது எனலாம்! கம்பெனியிடம் கிடந்த பிரதி 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1956 நவம்பர் 1-ல் எல்லை பிரிந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டுக்கு வந்தது. முதுமையில் பார்வையும் மங்கி அகஸ்தீஸ்வரத்தில் முடங்கிய டானியலைப் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் கண்டுபிடித்து எழுதினார். நலிந்த கலைஞருக்கான உதவித் தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் குடியிருப்பவர் என்று கேரள அரசு மறுத்துவிட்டது. படம் எடுத்தது பட்டத்தில். குடியிருப்பு தெற்கே. 1975 ஏப்ரல் 27-ல் டானியல் காலமானார்.

1992-ல் அதே அரசு மலையாள சினிமாவின் மிக உயர்ந்த விருதுக்கு அவர் பெயரை வைத்தது. "விகதகுமாரன்" படச்சுருளோ அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. அவருடைய இளைய மகன் சிறுபிள்ளையாக இருந்தபோது, நீல நிறமாக எரிகிறதே என்ற வேடிக்கையில் அதைக் கொளுத்தி விளையாடிவிட்டார்.