துருகனினி: நூறு ஆண்டுகள் தாமதமான இறுதிக் கிரியை

1976 ஏப்ரல் 30ஆம் திகதி, தஸ்மேனியாவின் தென்கிழக்குக் கரையோரமுள்ள டொன்ட்ரகாஸ்தோ நீரிணையில் ஒரு பெண்ணின் சாம்பல் தூவப்பட்டது. அவர் இறந்து நூறு ஆண்டுகள் நிறைவதற்கு எட்டு நாட்களே இருந்தன. தன் உடலை வெட்டக் கூடாது, அந்தக் கடலில் தன்னைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டிருந்தார். பெயர் துருகனினி.

ஏறத்தாழ 1812ஆம் ஆண்டு புரூணி தீவில், நுயினோன் இனக்குழுவின் தலைவர்களில் ஒருவரான மங்கானாவின் மகளாகப் பிறந்தார். அந்த மக்களுக்குக் கப்பல்கள் புதிதல்ல. 1642இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அனுப்பிய ஏபல் தஸ்மன் அந்தக் கரையைக் கண்டு சென்றார். அதே கம்பனிதான் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. 1777இல் ஜேம்ஸ் குக் புரூணி தீவில் தரித்தார். 1790களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். நீரிணையின் இன்றைய பெயர் அவர்களுடைய தளபதியின் பெயர்தான். இவர்களெல்லாம் தண்ணீரும் விறகும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1803இல் வந்த பிரித்தானியர் போகவில்லை. கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள், காணிகளை அளந்து பிரித்தார்கள், கங்காரு மேய்ந்த புல்வெளிகளில் செம்மறி ஆடுகளை விட்டார்கள்.

துருகனினிக்குப் பதினேழு வயதாகும்போது அவருடைய தாயை மாலுமிகள் கொன்றிருந்தார்கள். மாமனைச் சிப்பாய் ஒருவன் சுட்டிருந்தான். சகோதரியைக் கடல்நாய் வேட்டைக்காரர் கடத்திப் போயிருந்தார்கள். மணமுடிக்கவிருந்த பரவீனாவை மரம் வெட்ட வந்தவர்கள் கொன்றார்கள். இவற்றில் எதுவும் பிரகடனப்படுத்தப்பட்ட போரில் நடந்ததல்ல.

பிரகடனம் தீவின் நடுப்பகுதிக்கு வந்தது. தங்கள் வேட்டை நிலங்களைக் காக்க ஆதிக்குடிகள் திருப்பித் தாக்கியபோது, 1828 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 1830இல் சிப்பாய்கள், கைதிகள், குடியேறிகள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீண்ட வரிசையாக நின்று, மக்களை ஒரு மூலைக்கு ஒதுக்க வாரக்கணக்கில் நடந்தார்கள். பிடிபட்டவர்கள் இருவர் மட்டுமே.

துப்பாக்கிக்குச் சாத்தியப்படாததைப் பேச்சினால் செய்ய முன்வந்தவர் ஜோர்ஜ் அகஸ்டஸ் றொபின்சன். இலண்டனிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, பக்தியுள்ள கிறிஸ்தவர். 1829இல் புரூணி தீவில் துருகனினியைச் சந்தித்தார். எஞ்சியிருப்பவர்களை ஒரு பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வது அவருடைய திட்டம். துருகனினியும் கணவர் வூரடியும் அவரோடு புறப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகளாகத் தீவின் காடுகளையும் கரைகளையும் நடந்து கடந்தார்கள். வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் உணவு தேடிக் கொடுப்பவரும் அவரே. 1832இல் ஆர்தர் ஆற்றங்கரையில் றொபின்சனைக் கொல்ல ஒரு குழு துரத்தியது. றொபின்சனுக்கு நீந்தத் தெரியாது. அவரை ஒரு மரக்கட்டையைப் பிடிக்கச் செய்து, தான் நீந்தித் தள்ளி அக்கரை சேர்த்தவர் துருகனினி.

இதற்காக அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொன்னவர்கள் உண்டு. தாயையும் சகோதரியையும் இழந்த ஒரு பெண், காட்டில் இருந்தால் எல்லோரும் சாவோம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதில் வியப்பில்லை. அந்தக் கணக்கு பிழைத்தது அவருடைய குற்றமல்ல. வாக்குக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

பாதுகாப்பான இடம் என்று சொல்லப்பட்டது பிளிண்டர்ஸ் தீவின் வைபலெனா முகாம். ஏறத்தாழ 200 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஐரோப்பிய உடுப்பு, புதுப் பெயர்கள், வேதபாடம், குளிர் காற்று, நெஞ்சுச் சளி நோய்கள். ஒவ்வொரு ஆண்டும் புதைகுழிகள் கூடின. சொந்த இடத்துக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. றொபின்சனுக்கு அரசு பணமும் காணியும் பதவி உயர்வும் கொடுத்தது.

1839இல் றொபின்சன் இன்றைய மெல்பேர்ண் பகுதிக்கு மாற்றலானபோது துருகனினியையும் வேறு சிலரையும் அழைத்துச் சென்றார். 1841இல் துருகனினி, இன்னும் இரு பெண்கள், துனர்மினர்வெயிற், மோல்போய்ஹீனர் என்ற இரு ஆண்கள் ஆகியோர் அவரை விட்டு விலகி, குடியேறிகளின் குடில்களைத் தாக்கினார்கள். திமிங்கில வேட்டைக்காரர் இருவர் கொல்லப்பட்டார்கள். வழக்கில் ஆதிக்குடிகளின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது என்பது அன்றைய சட்டம். பெண்கள் மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆண்கள் இருவரும் 1842 ஜனவரி 20ஆம் திகதி, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கத் தூக்கிலிடப்பட்டார்கள். மெல்பேர்ணில் நிறைவேற்றப்பட்ட முதல் பகிரங்க மரண தண்டனை அது. துருகனினி மறுபடி பிளிண்டர்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். வழியிலேயே வூரடி இறந்துபோனார்.

1847இல் உயிரோடிருந்த மற்ற 46 பேருடன் அவர் ஒய்ஸ்டர் கோவ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். கைதிகள் இருப்பதற்கே சுகாதாரமற்றது என்று கைவிடப்பட்ட கட்டடம் அது. ஆனாலும் புரூணி தீவு நீரிணைக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அவர் வேட்டையாடினார், சுழியோடிச் சிப்பி எடுத்தார், சிறு சோகிகளைக் கோத்து மாலை செய்தார்.

1869இல் அவருடைய தோழர் வில்லியம் லானி ஹோபார்ட் நகரில் இறந்தார். ஆதிக்குடிகளின் எலும்புகளை மனித இனங்களைத் தரம்பிரிக்கும் ஆதாரமாகச் சேர்த்த காலம் அது. சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் குரோதர் லானியின் மண்டையோட்டைத் திருடினார் என்ற குற்றச்சாட்டில் வைத்தியசாலைப் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். பிறகு அவரே குடியேற்றத்தின் பிரதமரும் ஆனார். மறுபக்கத்தில் தஸ்மேனிய றோயல் சங்கத்துக்காகக் கைகளும் கால்களும் வெட்டப்பட்டன. துருகனினியின் பயம் அங்கிருந்து வந்தது.

1876 மே 8ஆம் திகதி அவர் காலமானார். பழைய பெண்கள் சிறை வளவில் நள்ளிரவில் இரகசியமாகப் புதைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் றோயல் சங்கம் அனுமதி பெற்றுத் தோண்டி எடுத்தது. பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. 1904இலிருந்து 1947வரை அவருடைய எலும்புக்கூடு ஹோபார்ட் நூதனசாலையில் கண்ணாடிக்குள் நின்றது. கடைசித் தஸ்மேனியர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள்.

அது பொய். வைபலெனாவில் பிறந்த ஃபனி கொக்ரன் சிமித் 1905வரை வாழ்ந்தார். தன் மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பாடிப் பதிவு செய்தார். கடல்நாய் வேட்டைக்காரர் கொண்டுபோன பெண்களின் சந்ததியினரும் தீவுகளில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். கடைசி ஆள் செத்துவிட்டார் என்று எழுதிவிட்டால் காணி கேட்க ஆளில்லை என்றாகிவிடும்.

அந்தச் சந்ததியினர் விடாது கேட்டதனால்தான் 1976இல் எலும்புகள் எரியூட்டப்பட்டன. 1997இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் நூதனசாலை அவருடைய மாலையைத் திருப்பிக் கொடுத்தது. 2002இல் இலண்டனிலிருந்து அவருடைய தலைமுடியும் தோலும் வந்தன. 2022இல் குரோதரின் சிலையை அகற்ற ஹோபார்ட் மாநகர சபை தீர்மானித்தது. எலும்புகளுக்காகக் காத்திருப்பது என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தஸ்மேனியாவில் கேட்டவர்கள் தலைமுறை மாறியும் கேட்பதை நிறுத்தவில்லை. துருகனினி கோத்ததைப் போன்ற சோகி மாலைகளை அங்குள்ள பெண்கள் இன்றும் கோக்கிறார்கள்.