டயரின் வயதும் சார்லஸ் குட்இயரின் வாழ்வும்



நம்மில் பலருடைய எஸ்யூவி வாரம் முழுக்க பேஸ்மென்ட்டில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு, பண்டிகைக்கு ஊருக்கு. ஆறு வருடமாகியும் 30,000 கி.மீ. தாண்டியிருக்காது. டயரைக் குனிந்து பார்த்தால் பட்டன் நன்றாகவே இருக்கும். பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர் 1860-லேயே இறந்துபோன ஒருவர். பெயர் சார்லஸ் குட்இயர்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1800 டிசம்பர் 29-ல் பிறந்தவர். வேதியியல் படித்தவரில்லை. பிலடெல்பியாவில் இரும்புச் சாமான் கடை வைத்து, நொடித்து, கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1834-ல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கம்பெனியின் கடைக்கு, அவர்களுடைய காற்றடைத்த மிதவைக்குத் தான் செய்த புதிய வால்வை விற்கப் போனார். அங்கிருந்தவர் வால்வைப் பாராட்டிவிட்டு உண்மையைச் சொன்னார்: கெட்டது வால்வு அல்ல, ரப்பர்தான். விற்ற சரக்கெல்லாம் வெயிலில் உருகி, நாற்றமடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அன்றைய ரப்பர் கோடையில் பிசின், குளிர்காலத்தில் கட்டை.

இதைச் சரிசெய்வது தன் வேலை என்று அன்றே முடிவு செய்துவிட்டார். சிறையிலும் சமையலறையிலும் மனைவி கிளாரிஸாவின் பூரிக்கட்டையை வைத்துக்கொண்டு ரப்பரைப் பிசைந்தார். மக்னீசியா கலந்தார், சுண்ணாம்பு கலந்தார். நைட்ரிக் அமிலம் பட்டபோது ரப்பரின் பிசுபிசுப்பு போய்விட்டது. வெற்றி என்று நினைத்து, அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார். பைகள் அழகாக வந்தன. அவற்றைச் சூடான அறையில் மாட்டி வைத்துவிட்டுக் குடும்பத்துடன் வெளியூர் போய்த் திரும்பினால், எல்லாம் இளகித் தொங்கிக்கொண்டிருந்தன. அமிலம் மேல்தோலைத்தான் பதப்படுத்தியிருந்தது. உள்ளே அதே பழைய பிசின்.

இந்தத் தபால் பையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பேஸ்மென்ட் டயருக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

நத்தானியேல் ஹேவர்டு என்பவரிடமிருந்து ரப்பரில் கந்தகம் கலக்கும் முறையை குட்இயர் வாங்கியிருந்தார். 1839-ல், கந்தகம் கலந்த ரப்பர் ஒன்று எப்படியோ சூடான அடுப்பில் பட்டது. உருக வேண்டியது உருகாமல் தோல் மாதிரி இறுகியது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க அதன் பிறகும் அவருக்கு வருடங்கள் பிடித்தன. அந்த வறுமையில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள்கூட விலைபோயின. பிறந்த 12 குழந்தைகளில் பாதிப் பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். கிளாரிஸா இதையெல்லாம் எப்படித் தாங்கினார் என்று எந்தப் புத்தகமும் சரியாகச் சொல்வதில்லை.

1844 ஜூன் 15-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் சில வாரங்கள் முந்திக்கொண்டார். 1852-ல் டேனியல் வெப்ஸ்டர் என்ற பெரிய வக்கீலை வைத்து ஒரு வழக்கில் வென்றார். ஆனாலும் சம்பாதித்ததைக் கண்காட்சிகளிலும் வழக்குகளிலும் கொட்டினார். 1855-ல் பாரிசில் மறுபடி கடனுக்காகச் சிறை. பிரான்ஸ் அரசின் உயரிய விருது அங்கேதான் அவரைத் தேடி வந்தது.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். குட்இயர் கண்டது இதுதான்: சூட்டில் கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. அளவோடு இருந்தால் அது வலிமை. ஆனால் டயர் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. வண்டி நின்றாலும் ரப்பர் மெல்ல இறுகும், உள்ளே கம்பி அடுக்குடன் அதன் பிடிப்பு தளரும். வெளியே பட்டன் புதிதாகவே இருக்கும். மே மாத வெயிலில், ஏழு பேரும் பெட்டிகளும் ஏற்றி, 100 கி.மீ. வேகத்தில் போகும்போதுதான் தெரியவரும்.

ஆகவே பட்டனை மட்டும் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். பல கார் கம்பெனிகள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள் பத்து வருடத்துக்கு மேல் கூடவே கூடாது என்கின்றன. பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் வயதே பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலும் அப்படியே.

புதிது வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கத்தைக் கடையிலேயே படியுங்கள். தள்ளுபடி விலைக்குக் காரணம் சில சமயம் அங்கே இருக்கும். 235/65 ஆர்17 104எச் என்று எழுதியிருந்தால், 104 என்பது ஒரு டயர் 900 கிலோ தாங்கும் என்று பொருள். அளவு சரியாக இருந்தும் இந்த எண் குறைவான டயரை எஸ்யூவிக்கு மாட்டக் கூடாது. இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்பக்கம் போகட்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

காற்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவின்படி, வண்டி ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி, அதிகம் சூடாகும். குட்இயரின் பகை எப்போதுமே சூடுதான்.

அவர் 1860 ஜூலை 1-ல், சாகக் கிடந்த மகளைப் பார்க்கப் போகும் வழியில், நியூயார்க்கில் இறந்தார். விட்டுப்போனது சுமார் 2,00,000 டாலர் கடன். 1898-ல் ஓஹியோவில் தொடங்கிய டயர் கம்பெனி அவர் நினைவாகப் பெயர் வைத்துக்கொண்டது. அவருக்கும் குடும்பத்துக்கும் அதில் காலணா பங்கு கிடையாது. காரையோ அதன் டயரையோ அவர் பார்த்ததே இல்லை.

கீழே போகும்போது ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். அது ஒரு கி.மீ. கூட ஓடாமலே மற்ற நான்கோடு சேர்ந்து வயதாகியிருக்கும்.